தாம்பரத்தில் எடுபடாத குரல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ‘நோஸ்ட்ரா எத்தாத்தே’ அறிக்கைக்கு 2025இல் அறுபது ஆண்டுகள் நிறைந்தன. கிறிஸ்தவம் பிற சமயங்களோடு கொண்ட உறவைப் பற்றி யார் பேசினாலும் இந்த அறிக்கையில் தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் திருச்சபைக்குக் கண்டனம் மட்டுமே தெரிந்திருந்தது, அதற்குப் பிறகே காது திறந்தது என்பது அந்தக் கதையின் முதல் பாதி. கிறிஸ்துவின் தனித்தன்மையை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கிறோமோ அவ்வளவு தூரம்தான் உரையாடல் முன்னேறும் என்பது இரண்டாம் பாதி. இரண்டும் பிழை என்பது என் முடிவு. அறிக்கையின் பெருமையை நான் மறுக்கவில்லை. யூதர் அனைவர் மீதும் பல நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்டு வந்த இயேசுவின் கொலைப்பழியை 2,221 ஆயர்கள் ஆதரித்து வாக்களிக்க (எதிர்த்தவர்கள் 88 பேர்) அது இறக்கிவைத்தது. அந்த ஒன்றுக்காகவே அது வரலாற்றில் நிற்கும். ஆனால் சங்கத்தின் ஆவணங்களிலேயே மிகச் சிறிய அந்த அறிக்கையில் இந்து சமயத்துக்குக் கிடைத்த இடம் ஓரிரு வரிகள், பௌத்தத்துக்கும் அவ்வளவே. அந்த வரிகளை எழுதுவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே காவிரிக் கழிமுகத்தில் இதைவிட ஆழமான வேலை நடந்திருக்கிறது. அதற்கும் வத்திக்கான் சங்கத்துக்கும் இடையில், இந்தத் துறையின் மிக முக்கியமான விவாதம் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் நடந்து, சரியானதைச் சொன்னவரின் குரல் எடுபடாமல் போயிருக்கிறது.

தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்ற பெயரில் அவர் எழுதிய தமிழ் உரைநடைக்கு நம் இலக்கிய வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் அவர் பேசிய ‘பிறர்’ பெரும்பாலும் உயர்சாதியினர். அந்த உரையாடலுக்கு அவர் கொடுத்த விலை சாதியைக் கேள்வி கேட்காமல் விட்டது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைகளை அனுமதித்தபோது பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயம் சாராத சமூக அடையாளங்கள் என்று ஏற்கப்பட்டன. அந்தத் தீர்ப்பின் பின்விளைவுகளைத் தமிழ்க் கத்தோலிக்கம் இன்னும் சுமக்கிறது.

ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் கதை வேறு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவரும் சிலைவழிபாட்டை ஒழிக்கும் நோக்கத்தோடுதான் வந்தார். அந்த நோக்கத்தை அவர் கடைசிவரை கைவிடவில்லை. ஆனால் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேகரித்து 1708இல் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். 1712 முதல் 1714 வரை, உடன் உழைத்த கிருண்ட்லரோடு சேர்ந்து, கடவுள், பாவம், வழிபாடு, குடும்பம், மருத்துவம் எனக் கேள்விகளை எழுதித் தமிழர்களுக்கு அனுப்பி எழுத்திலேயே பதில் வாங்கினார். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சேறின. பதில் எழுதியவர்கள் அடங்கிப் போகவில்லை. ஐரோப்பியர் குடிப்பதையும் பசு இறைச்சி உண்பதையும் தூய்மை பேணாததையும் சொல்லி, இப்படி வாழ்கிறவர்களின் மதத்துக்கு நாங்கள் ஏன் வரவேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளையும் சீகன்பால்கு ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார். 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி நூல் பராபரவஸ்துவில் தொடங்கி, மும்மூர்த்திகளுக்கு இறங்கி, அய்யனார், எல்லம்மன், மாரியம்மன், பிடாரி முதலிய கிராம தெய்வங்களுக்கு ஒரு தனிப் பகுதியையே ஒதுக்குகிறது. அதை அச்சிட, ஹாலேயில் மிஷன் பணியைக் கவனித்துவந்த பிராங்கே மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சானது. எதிரியை வெல்லத்தானே படித்தார், இது எப்படி உரையாடல் ஆகும் என்று கேட்கலாம். நோக்கம் அதுதான். ஆனால் எதிராளியின் சொல்லைச் சிதைக்காமல் எழுதிவைத்தவரின் வேலை அவர் நோக்கத்தைத் தாண்டிப் போய்விட்டது. அது தாண்டிவிட்டதைத் தெரிந்துகொண்டதால்தான் பிராங்கே கதவைச் சாத்தினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பொதுவாகக் கண்டனங்களின் நூற்றாண்டு. அதற்குள்ளும் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அந்தப் படிப்பைக் கொண்டே 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். கிறிஸ்தவத்தை உள்ளிருந்து அறிந்தவர் தொடுத்த மறுப்பு அது. நயமான மேடைப் பேச்சுகள் பலவற்றைவிட அதில் மறுபக்கத்தைப் பற்றிய அறிவு அதிகம். நூற்றாண்டின் முடிவில், எண்பது வயதான ஜி.யு. போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். லைப்சிக் மிஷனைச் சேர்ந்த ஷோமேருஸ் 1912இல் ஜெர்மன் மொழியில் எழுதிய சைவ சித்தாந்த நூல், பதி, பசு, பாசம் என்ற முப்பொருளை அதன் உள்தர்க்கப்படியே விளக்கியது. போப்பைத் தெரிந்த நமக்கு ஷோமேருஸைத் தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதன் நான்காவது குழு பல நாட்டு மிஷனரிகளுக்குக் கேள்விகள் அனுப்பி, பிற சமயத்தாரிடம் நீங்கள் காண்பது என்ன என்று கேட்டது. பதில்களின் பொதுக் குரல் நிறைவேற்றக் கொள்கை. இந்து சமயத்தின் ஏக்கங்கள் கிறிஸ்துவில் நிறைவு பெறுகின்றன என்பது அதன் சாரம். ஜே.என். ஃபார்க்கர் 1913இல் எழுதிய ‘இந்து சமயத்தின் மகுடம்’ அதற்கு முழு வடிவம் கொடுத்தது. பழைய வசைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் அதிலிருந்த ஓட்டையைக் கண்டுகொண்டார். பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதே ஓர் இந்துவின் தேடல் என்றால், கிறிஸ்து தருவது அந்த விடுதலையா? அதைக் கிறிஸ்தவம் பேசுவதே இல்லையே! கேட்காத கேள்விக்கான பதிலை, கேட்ட கேள்வியின் நிறைவு என்று எப்படிச் சொல்வது? கிறிஸ்தவச் செய்தி ஓர் இந்துவுக்குப் பொருள்பட வேண்டுமானால் முதலில் அவருக்குள் இதுவரை இல்லாத ஒரு பசி எழ வேண்டும். ஏற்கெனவே இருந்த பசிக்கே இந்தச் சோறு என்று சொல்வது அந்தப் பசியை அவமதிப்பது. இந்தத் தெளிவு அந்தக் காலத்தில் வேறு எவரிடமும் இவ்வளவு கூர்மையாக இல்லை.

ஹாக்கின் ‘கர்மமும் மீட்பும்’ 1909இல் வந்த சிறு நூல். ஒப்பீட்டுச் சமய நூல்களில் அதற்குச் சமமாக நான் வைக்கக்கூடியவை மிகக் குறைவு. கர்மக் கொள்கையை மூடநம்பிக்கை என்று அவர் தள்ளவில்லை. நீதியைப் பற்றிய கண்டிப்பான, உள்முரண் இல்லாத ஒரு சிந்தனையாக அதை எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொருவர் அனுபவிப்பதும் அவரவர் செய்ததன் விளைவே என்றால், ஒருவர் மற்றொருவருக்காகத் துன்பப்படுவதற்கு அங்கே இடமில்லை. கிறிஸ்தவமோ அந்தத் துன்பத்தின் மேல்தான் நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்த ஹாக் அத்தோடு நிறுத்தவில்லை. மனிதர் பெற வேண்டிய தண்டனையை இயேசு வாங்கிக்கொண்டார், கணக்கு நேராயிற்று என்று தம் சபைகளில் பிரசங்கிக்கப்பட்ட போதனையும் இதே நீதிமன்றக் கணக்குத்தானே என்று தம்மவரை நோக்கித் திரும்பினார். கர்மத்தைக் கற்றவர் தம் சொந்தக் கொள்கையின் கோணலைக் கண்டார். உரையாடல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவருடைய மாணவர்களில் ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். கிறிஸ்தவ ஆசிரியர்களின் விமர்சனமே தம்மை இந்து தத்துவத்தை ஆழ்ந்து படிக்கத் தூண்டியது என்று அவர் பிற்பாடு எழுதினார். வேதாந்தத்தின் அறநெறி பற்றிய அவருடைய முதுகலை ஆய்வேட்டை ஹாக் பாராட்டினார். ஆசிரியரும் மாணவரும் கடைசிவரை எதிரெதிர் முடிவுகளில் நின்றார்கள்; இருவரும் வளர்ந்தார்கள்.

1938 டிசம்பரில் அனைத்துலக மிஷனரி மன்றம் தாம்பரத்தில் கூடியது. இடம், ஹாக் முதல்வராக இருந்தபோது கல்லூரி குடிபெயர்ந்த புதிய வளாகம். மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ‘கிறிஸ்தவம் அல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி’ என்ற பெருநூலை எழுதியிருந்தார். கிரேமர் எளிய ஆள் இல்லை. ஜாவாவில் பணியாற்றி அங்குள்ள இஸ்லாமைக் கரைத்துக் குடித்தவர். அவருடைய வாதமும் நேரானது. விவிலியம் காட்டும் வெளிப்பாடு தனி வகை. சமயங்கள் ஒவ்வொன்றும் பிரிக்க முடியாத முழுமைகள். ஒன்றின் துண்டை மற்றதன் துண்டோடு பொருத்தி நிறைவேற்றம் பேச முடியாது. ஃபார்க்கருக்கு எதிராக இது சரியான அடி. ஆனால் அந்த முழுமைகள் எல்லாமே மனிதர் தமக்காகத் தேடிக்கொண்டவை, அவற்றில் இறைவனின் அசைவு உண்டு என்று சொல்லத் துணிய முடியாது என்று அவர் மேலே போனபோது ஹாக் நிறுத்தச் சொன்னார். ஒரு சமயத்தின் கொள்கைத் தொகுதி வேறு, அதற்குள் வாழும் மனிதரின் விசுவாசம் வேறு என்றார். கிறிஸ்துவை அறியாத ஒருவரிடம் உண்மையான விசுவாசத்தை, இறைவனோடு ஒன்றிய வாழ்வை நேரில் கண்டபின், அங்கே கடவுள் பேசவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது அவர் நிலை. அதே ஹாக், கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கு ஈடு இல்லை என்பதிலும் உறுதியாக இருந்தார். மாநாட்டில் பேசப்பட்டதெல்லாம் கிரேமரைப் பற்றியே. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அவருடைய சொற்களிலேயே பேசினார்கள். பிறகு உலகப்போர் வந்தது. ஐரோப்பியத் திருச்சபைகளுக்கு, நாஜிகளின் காலத்தில் இயற்கையாகவே, சமரசமற்ற குரல் இனித்தது. ஹாக்கின் பதில் மாநாட்டுத் தொகுதியில் ஒரு கட்டுரையாக அடங்கிவிட்டது.

அதே ஆண்டு மாநாட்டுக்கு முன் சென்னையிலிருந்து இன்னொரு நூல் வந்தது: ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’. அதன் முன்னணி ஆசிரியர்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்த பி. செஞ்சையாவும், பின்னர் சென்னை மேயரான வழக்கறிஞர் வேங்கல் சக்கரையும். இருவரும் இந்து சமயத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள். மேல்நாட்டுச் சபை அமைப்பையே கேள்வி கேட்டவர்கள். கும்பகோணத்து மாஸ்டர் சி.வி.வி.யின் யோக நெறியில் செஞ்சையா கொண்ட ஈடுபாடு அவருடைய ‘புதிய படைப்பு’ பற்றிய எழுத்தில் தெரிகிறது. பாளையங்கோட்டையில் பிறந்து கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, 1927லேயே கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக எழுதிக்காட்டியவர். யோவான் நற்செய்தியில் தந்தையும் மகனும் ஒன்றாயிருப்பதை அத்வைத ஐக்கியமாகப் படிக்கும் ஆசையை அவர் ஒதுக்கி, ராமானுஜரின் துணையோடு அதை அன்பின் இணக்கமாக விளக்கினார். இந்தத் தேர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்து சமயம் என்று ஒன்றைப் பொதுவாக எடுத்துக்கொள்ளாமல், அதற்குள் சங்கரருக்கும் ராமானுஜருக்கும் நடந்த வழக்கைத் தெரிந்துகொண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார். பக்தியைக் கிறிஸ்தவத்துக்கு முன்னுரையாக மட்டும் பார்க்கும் பழக்கம் அவரிடம் அவ்வப்போது தலைகாட்டுவது உண்மை. இருந்தும் பின்னால் வந்த பலரைவிட அவர் நன்றாகப் படித்தவர்.

பின்னால் வந்தவர்களிடம் நல்லெண்ணம் பெருகியது. படிப்பு அந்த அளவுக்குப் பெருகவில்லை. கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர், பிற சமயத்து நல்லோரைப் ‘பெயரறியாக் கிறிஸ்தவர்’ என்றார். அந்த நல்லோரின் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. உலகத் திருச்சபைகள் மன்றம் 1971இல் உரையாடலுக்கென ஒரு பிரிவு தொடங்கி, கர்நாடகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி சமர்த்தாவிடம் ஒப்படைத்தது. அவருக்குப் பின் அதை நடத்திய இலங்கைத் தமிழர் வெஸ்லி அரியராஜா, இந்து அயலாரோடு வாழ்ந்தவர்களின் கேள்விகளை ஜெனிவாவின் மேசைக்குக் கொண்டுபோனார். இவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் கூட்டறிக்கைகளும் வழிகாட்டு நெறிகளும்தான் அதிகம் விளைந்தன. குளித்தலை அருகே தண்ணீர்பள்ளியில் 1950இல் சாந்திவனத்தைத் தொடங்கிய இரண்டு பிரெஞ்சுக் குருக்களின் கதை அவற்றைவிட ஆழமானது. அவர்களில் ஒருவரான மொன்ஷானென் கடைசிக் காலத்தில், அத்வைதத்துக்கும் திரித்துவத்துக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். திருவண்ணாமலையில் ரமணரையும் திருக்கோவிலூரில் ஞானானந்தரையும் கண்ட மற்றவர், அபிஷிக்தானந்தர், அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கினார். இரண்டையும் இணைக்க முடியாத வேதனையை அவருடைய நாட்குறிப்பு மூடிமறைக்கவில்லை. ஒரே ஆசிரமத்தில், ஒரே கூரையின் கீழ், இருவரும் வேற்றுமையை அதன் முழு எடையோடு உணர்ந்தார்கள். இன்று அந்த ஆசிரமத்தைப் புகழ்கிறவர்கள் அவர்களை ஒற்றுமையின் அடையாளமாக மட்டும் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

1980களில் வந்த வகைப்படுத்தல்தான் இந்தத் துறைக்கு நேர்ந்த பெரிய கேடு என்பேன். 1983இல் ஆலன் ரேஸ் வகுத்த விலக்குவாதம், உள்ளடக்குவாதம், பன்மைவாதம் என்ற மூன்று பெட்டிகள் இன்றும் இறையியல் மாணவர்களின் விடைத்தாள்களை ஆள்கின்றன. இவை ஏணிப்படி போலக் கற்பிக்கப்படுகின்றன. கடைசிப் படியில் நிற்கிறவர் ஜான் ஹிக். எல்லாச் சமயங்களும் பெயரும் குணமும் கடந்த ஒரே மெய்ப்பொருளைச் சுற்றி வருகின்றன என்பது அவர் கொள்கை. இதைத் தமிழ்நாட்டில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். எண்ணற்ற கல்யாண குணங்கள் நிறைந்தவனே நாராயணன் என்று வாதாடி, குணமற்ற பிரம்மத்தை மறுப்பதற்காகவே ஸ்ரீபாஷ்யம் எழுதினார் ராமானுஜர். உயிர்களும் பாசமும் இறைவனைப் போலவே அநாதி என்று நிறுவ மெய்கண்டார் பாடுபட்டார். இவர்களிடம் போய், நீங்கள் வாழ்நாள் முழுதும் வாதாடியது மெய்ப்பொருளின் மேல் விழுந்த பண்பாட்டுச் சாயம் என்று சொல்வது எந்த வகையில் மரியாதை? கிரேமர் கதவைச் சாத்தினார், ஃபார்க்கர் மகுடம் சூட்டினார், ஹிக் கரைத்துவிட்டார். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்பதற்கு முன்பே அதன் பொருளை முடிவுசெய்துவிட்ட வகையில் மூவரும் ஒரே வரிசைதான். கவின் டி’கோஸ்டாவும் மார்க் ஹெய்மும் 1990களில் இதைச் சுட்டிக்காட்டினார்கள். சமயங்கள் தேடும் முடிவுகளே வேறுவேறாக இருக்கலாம் என்ற ஹெய்மின் வாதத்தில், ஹாக் எண்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னது திரும்பக் கேட்கிறது.

வேற்றுமையை இப்படி அழுத்துவது இன்றைய இந்தியாவில் ஆபத்தானது அல்லவா என்ற கேள்வி நியாயமானது. மதத்தின் பேரால் வீடு எரியும் காலத்தில், எல்லாம் ஒன்றே என்பதுதான் சமாதானம் தரும் பேச்சாகத் தோன்றும். ஆனால் எல்லாம் ஒன்றே என்ற பேச்சு சிறுபான்மையைக் காப்பாற்றியதில்லை. எல்லாம் ஒன்று என்றால் நீ ஏன் தனியாக இருக்கிறாய் என்று பெரும்பான்மை திருப்பிக் கேட்கும்போது அந்தப் பேச்சிடம் பதில் கிடையாது. என் அயலார் என்னிலிருந்து வேறானவர், அவர் நம்புவதை நான் நம்பவில்லை, ஆனாலும் அவர் நம்புவதை அவருடைய சொல்லிலேயே என்னால் சொல்ல முடியும் என்ற நிலைதான் உறுதியானது. வெறுப்புப் பேச்சு மற்றவரின் சமயத்தை அரைகுறையாகச் சொல்லித்தான் வளர்கிறது. சரியாகச் சொல்லத் தெரிந்தவரிடம் அதற்கு வேலை குறைவு.

இன்னொரு ஆட்சேபத்தை என்னால் முழுமையாக மறுக்க முடியவில்லை, மறுக்கவும் விரும்பவில்லை. 1981இல் அர்விந்த் நிர்மல் பெங்களூரில் நிகழ்த்திய உரையோடு எழுந்த தலித் இறையியல், இந்த உரையாடல் முழுவதும் வேதாந்தத்தோடும் உயர்சாதியாரோடும் நடந்தது, இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையான தலித்துகளின் சமயம் அதில் எங்கே என்று கேட்டது. ஹாக்கும் இதற்குத் தப்ப மாட்டார். அவர் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் கர்மமும் வேதாந்தமும்தான். கர்மக் கொள்கையைத் தங்கள் மேல் சுமத்தப்பட்ட தண்டனையாகக் கண்டவர்களின் குரல் அவர் நூலில் ஒலிக்கவில்லை. சத்தியநாதன் கிளார்க் 1998இல் பறையர் சமூகத்தின் பறையையே இறையியலின் மூலமாகக் கொண்டு எழுதியபோது, எழுத்து மறுக்கப்பட்டவர்களின் இறையனுபவத்தை அந்த இசை ஏந்தி நிற்பதைக் காட்டினார். சீகன்பால்கு மாரியம்மனுக்கும் பிடாரிக்கும் கொடுத்த பக்கங்களை இருபதாம் நூற்றாண்டின் பேரறிஞர்கள் புரட்டாமல் விட்டதற்கு இது பிந்திய பரிகாரம். ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. தலித் இறையியல் கேட்பதும் கரைத்துவிடாத, பொதுமைப்படுத்தாத, அருகிலிருந்து கேட்கும் காதைத்தான்.

அந்தக் காது வேலை செய்ததற்கு இரண்டு சான்றுகள். இலங்கை மெதடிஸ்ட் போதகர் லின் டி சில்வா 1975இல் கொழும்பில் வெளியிட்ட நூலில் பௌத்தத்தின் அநாத்மக் கொள்கையை எடுத்துக்கொண்டார். அழியாத ஆன்மா இல்லை என்கிற கொள்கை கிறிஸ்தவத்துக்கு நேர்ப்பகை என்றுதான் மிஷனரிகள் நினைத்தார்கள். டி சில்வா விவிலியத்துக்குத் திரும்பி, தன்னிலேயே அழிவற்ற ஆன்மா என்ற எண்ணம் அங்கே கிடையாது, அது கிரேக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, விவிலியத்தின் மனிதன் முழுவதுமாகச் சாகிறான், இறைவனின் உறவில் மட்டுமே மீண்டும் எழுகிறான் என்று காட்டினார். புத்தர் அவருக்குத் தம் சொந்த வேதத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். மற்றவர், இயேசு சபையைச் சேர்ந்த அமெரிக்கர் பிரான்சிஸ் குளூனி. நம்மாழ்வாரின் திருவாய்மொழியை நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை முதலிய உரையாசிரியர்களோடு உட்கார்ந்து படித்தவர். 2013இல் வெளியான நூலில், தலைவன் வராத இரவில் வாடும் பராங்குச நாயகியின் பாசுரங்களையும் விவிலியத்தின் உன்னதப் பாட்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். ஒருபுறம் ஸ்ரீரங்கத்து ஆசாரியர்களின் உரை. மறுபுறம் பெர்னார்து முதலான சிஸ்டேர்சியத் துறவிகளின் உரை. இரண்டு தலைவியரும் ஒருத்தியே என்று அவர் சொல்லவில்லை. ஒருத்தியின் தவிப்பை நன்றாக அறிந்த வாசகர் மற்றவளின் தவிப்பிலிருந்து எளிதில் தப்ப முடியாது என்கிறார். கிறிஸ்துவை விட்டுக்கொடுக்காமலே ஈடு என்னும் திருவாய்மொழி உரையின் நுட்பத்துக்குள் இவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது; கதையின் இரண்டாம் பாதி அதோடு உடைகிறது.

நம் இறையியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று பெட்டிகளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் பிற சமயத்து நூல் ஒன்றை, சிவஞான போதமோ திருவாய்மொழியோ தம்மபதமோ, அந்த மரபில் பயின்ற ஆசிரியரிடம் உரையோடு ஓராண்டு பாடம் கேட்கட்டும். எழுத்தில் இல்லாத வழிபாடுகளை அவற்றை நடத்துகிறவர்களிடமே போய்க் கேட்கட்டும். கூடவே ‘கர்மமும் மீட்பும்’ தமிழில் பாடமாகட்டும். சென்னையில் தமிழ் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுதிய நூல் அது. அதை இந்த மண்ணின் இறையியல் மாணவர்கள் படிக்காமல் பட்டம் பெறுவது சரியில்லை.